நோய்க் கணக்கைப் படிப்பது எப்படி?

பெரம்பலூர் மாவட்டத்தின் வட எல்லையில், வெள்ளாற்றின் தென்கரையில் லப்பைக்குடிக்காடு என்னும் பேரூர் அமைந்துள்ளது. ஆற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் திட்டக்குடி இருக்கிறது. அது கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கடைக்கும் வைத்தியத்துக்கும் பஸ் ஏறுவதற்கும் மக்கள் இக்கரையினின்று அக்கரைக்கும் அக்கரையினின்று இக்கரைக்கும் போய் வருகின்றனர். மேலும், இவ்வூரார் பலர் கடல் கடந்து வளைகுடா நாடுகளில் உழைத்து இங்குள்ள குடும்பத்தைக் காத்து வருகின்றனர். இப்படிப்பட்ட ஊரிலே ஒரு தொற்று நோய் புகுமானால், அது ஆற்றையோ மாவட்ட எல்லையையோ பார்த்து நிற்பதில்லை. ஆனால் அந்நோயைப் பற்றிய கணக்கு மட்டும் எல்லை பிரித்தே எழுதப்படுகிறது. நோய் பரவும் வழி வேறு, கணக்கு எழுதும் வழி வேறு. இந்த உண்மையை நன்கு உணர்ந்தவரே நோய்க் கணக்கைச் சரியாகப் படிக்க வல்லவர்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் கோவிட் நோயை உலகு தழுவிய கொள்ளைநோய் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியது. 2023 மே 5-இல் அதன் அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. இவ்விரு நாட்களுக்கு இடையே பல மாத காலம் மாலைதோறும் மாவட்டவாரியாகப் புதிய நோயாளிகள் எத்தனை, இறந்தோர் எத்தனை என்ற அறிக்கை வெளிவந்தது. கிராமங்களில் அதைக் கேட்காதவர் இல்லை. "நம் மாவட்டத்தில்தான் மிகவும் குறைவு. ஆகையால் நமக்குப் பயமில்லை" என்று பெரம்பலூர்ப் பகுதியினர் பலர் ஆறுதல் அடைந்தனர். அந்த ஆறுதல் சரியானதுதானா? இப்பாடத்தில் இதனை ஆராய்வோம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனைத் தெரிந்து கொள்வது அவசியம். ஏனெனில், இனி ஒரு நோய் வரும்பொழுதும் இதே வகைக் கணக்கே நம் முன் வைக்கப்படும்.

குறைந்த கணக்கும் நிறைந்த நோயும்

தமிழ்நாட்டு மாவட்டங்களுள் ஜனத்தொகையில் மிகச் சிறியது பெரம்பலூர். 2011-ஆம் ஆண்டு ஜனக் கணக்கின்படி இங்கு வாழ்ந்தோர் 5,65,223 பேர். 2020-ஆம் ஆண்டு முடியும்வரை இம்மாவட்டத்தில் கோவிட் நோய் கண்டதாகப் பதிவானவர்கள் 2,300 பேருக்கும் குறைவு. மாநிலத்திலேயே இதுதான் மிகக் குறைந்த எண்ணிக்கை. இறந்தோர் தொகையும் சுமார் 20 அளவிலேயே இருந்தது. அதே காலத்தில் நீலகிரி மாவட்டத்தில் பதிவான நோயாளிகள் இதைப்போல் சுமார் மூன்று மடங்கு. நீலகிரியின் ஜனத்தொகையோ 7,35,394. இவ்விரண்டையும் ஒப்பிடும் எவரும், பெரம்பலூரில் நோய் மிகக் குறைவு, நீலகிரியில் அதிகம் என்றே முடிவு செய்வர்.

2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் தமிழக அரசு ஓர் ஆய்வை நடத்தியது. மாநிலமெங்கும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 26,640 பேரின் இரத்தம் எடுக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டது. ஒருவருக்கு இந்நோய் வந்து போயிருந்தால், அவருக்கு அது தெரியாமலே போயிருந்தாலும், அவருடைய இரத்தத்தில் அதை எதிர்க்கும் பொருள் உண்டாகியிருக்கும். காட்டு வழியில் யானையைக் காணாவிட்டாலும் காலடித் தடத்தைக் கண்டு யானை சென்றதை அறிகிறோம் அல்லவா? அதைப் போன்றதே இச்சோதனை.

அதன் முடிவு யாது? மாநிலம் முழுவதும் நூற்றுக்கு 31.6 பேருக்கு அந்த அடையாளம் இருந்தது. மாவட்டங்களுள் மிகக் குறைவாக நூற்றுக்கு 11.1 பேருக்கு இருந்தது நீலகிரியில். மிக அதிகமாக நூற்றுக்கு 51 பேருக்கு இருந்தது பெரம்பலூரில்!

ஆகவே, கணக்கில் கடைசியாக நின்ற மாவட்டமே நோயில் முதலாவதாக நின்றது. மாதிரி எடுத்துச் செய்யும் ஆய்வாதலின், ஒரு மாவட்டத்தின் எண் சில புள்ளிகள் கூடவோ குறையவோ இருக்கலாம். எனினும் 51-க்கும் 11-க்கும் இடையே உள்ள தூரம் அவ்வகைப் பிழையினால் நேரக் கூடியதன்று. பெரம்பலூரில் வயது வந்தோருள் பாதிப் பேருக்கு நோய் வந்து போயிற்று. ஆனால் அவர்களுள் நூற்றுக்கு இருவர்கூடப் பதிவேட்டில் ஏறவில்லை. நீலகிரியிலோ தொற்றுக்கு ஆளான சுமார் பத்துப் பேரில் ஒருவராவது பதிவேட்டில் ஏறினார். மாநிலம் முழுவதையும் எடுத்துக் கொண்டாலும், 2020 நவம்பர் இறுதிக்குள் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேருக்குத் தொற்று நேர்ந்திருக்கும் என்று இந்த ஆய்வினர் மதிப்பிட்டனர். பதிவானவர்களோ 8 லட்சத்துக்கும் குறைவு.

இதில் யாரையும் குறை கூறுவதற்கில்லை. காய்ச்சல் இரண்டு நாளில் தணிந்துவிட்டால், வெங்காயக் களத்தையும் மக்காச்சோள வயலையும் விட்டுவிட்டு ஒரு விவசாயி சோதனைக்கு எங்கே போகப் போகிறார்? பலருக்குக் காய்ச்சலே வரவில்லை. சிலர் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்ச் சோதித்துக் கொண்டிருக்கலாம். காரணம் எதுவாயினும் பாடம் ஒன்றே: பதிவான நோயாளிகளின் எண்ணிக்கை, இருக்கும் நோயின் அளவன்று; கண்டுபிடிக்கப்பட்ட நோயின் அளவு மட்டுமே.

தேடியவருக்கே கிடைக்கும்

இதே உண்மையை வேறு மாநிலங்களிலும் காணலாம். 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு தழுவிய இரத்த ஆய்வொன்றை நடத்தியது. அதில் மத்தியப் பிரதேசத்தில் நூற்றுக்கு 79 பேருக்கு எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. கேரளத்தில் நூற்றுக்கு 44.4 பேருக்கே காணப்பட்டது. ஆய்வு நடந்த மாநிலங்களுள் அதுவே மிகக் குறைவு. ஆனால் அந்நாட்களில் நாட்டிலேயே அதிகமான புதிய நோயாளிகளைத் தினந்தோறும் அறிவித்து வந்தது கேரளமே. தேடிப் பார்த்தவர் அதிகம் கண்டார். தேடாதவர் குறைவாகக் கண்டார். அதிகம் காட்டிய மாநிலத்தை இகழ்ந்தும் குறைவாகக் காட்டிய மாநிலத்தைப் புகழ்ந்தும் பேசியவர்கள், கணக்கைத் தலைகீழாகப் படித்தவர்களாவர்.

நம் பக்கத்து மாவட்டமான அரியலூரின் அனுபவத்தையும் பார்ப்போம். 2020 ஏப்ரல் இறுதியில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் நோய் பரவியது. மே 5-ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. அங்கு மூட்டை தூக்கியும் கடைகளில் வேலை செய்தும் வந்தவர்களுள் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டத்தார் பலர். அவர்கள் சொந்த ஊர் திரும்பினர். மே 6-ஆம் நாள் மாநிலத்தில் புதிதாகப் பதிவானவர்கள் 771 பேர். அவர்களுள் சென்னையைச் சேர்ந்தோர் 324 பேர். அரியலூரைச் சேர்ந்தோர் 188 பேர்.

இந்த இரண்டு எண்களையும் அப்படியே வைத்துப் பார்த்தால் சென்னை பெரிது, அரியலூர் சிறிது. ஆனால் அரியலூரின் ஜனத்தொகை சுமார் 7 லட்சத்து 55 ஆயிரம். சென்னையின் ஜனத்தொகையோ பழைய எல்லைப்படியே 46 லட்சத்துக்கு மேல். ஆகவே லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட வேண்டும். அன்றைய தினம் அரியலூரில் லட்சத்துக்கு சுமார் 25 பேர். சென்னையில் லட்சத்துக்கு 7 பேர். இப்பொழுது அரியலூரே பெரிதாகத் தோன்றுகிறது. இதுவே விகிதம் பார்க்கும் முறை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்காமல், மொத்தம் எத்தனை மூட்டை என்று மட்டும் கேட்டு இரண்டு பேரின் விளைச்சலை நாம் ஒப்பிடுவதில்லை. நோய்க் கணக்கிலும் அவ்வாறே செய்ய வேண்டும்.

ஆயினும் இவ்விடத்தில் மற்றொன்றையும் மறக்கலாகாது. சந்தையிலிருந்து திரும்பியவர்களைத் தேடிப் பிடித்துத் தனியே தங்க வைத்துச் சோதித்ததனாலேயே அந்த 188 பேர் கணக்கில் வந்தனர். ஒரு நாளில் எண்ணிக்கை மேலே எழும்பியது நிர்வாகத்தின் தோல்வியைக் காட்டவில்லை. தேடுதல் நடந்ததையே காட்டுகிறது. எனவே ஒரு நாள் கணக்கைக் கொண்டு எந்த ஊரையும் எடை போடக் கூடாது. ஏழு நாள் கணக்கைக் கூட்டி ஏழால் வகுத்து வரும் சராசரியை, முந்திய வாரத்துச் சராசரியோடு ஒப்பிடுவதே நல்ல முறை.

நோயும் மரணமும் ஒரே நாளில் வருவதில்லை

மூன்றாவதாக அறிய வேண்டியது காலத்தைப் பற்றியது. இன்று நோய் கண்டவர் இன்றே இறப்பதில்லை. நோய் முற்றி உயிர் பிரிவதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. இதனை அறியாதவர்கள் அன்றைய மரணத்தை அன்றைய நோயாளிகளால் வகுத்துத் தவறான முடிவுக்கு வருகின்றனர்.

2021-ஆம் ஆண்டு இரண்டாம் அலையின்போது தமிழ்நாட்டில் மே 21-ஆம் நாள் 36,184 பேருக்கு நோய் பதிவாயிற்று. அதுவே அந்த அலையின் உச்சி. அன்று இறந்ததாக அறிவிக்கப்பட்டோர் 467 பேர். ஜூன் 1-ஆம் நாள் புதிய நோயாளிகள் 26,513 ஆகக் குறைந்தனர். ஆனால் இறந்தோர் 490 பேர். முதல் நாளின் கணக்கை வகுத்தால் நூற்றுக்கு 1.3 வருகிறது, இரண்டாவது நாளின் கணக்கை வகுத்தால் நூற்றுக்கு 1.8 வருகிறது. பத்து நாளில் நோய் கொடியதாகிவிட்டது என்பதா இதன் பொருள்? அன்று. முன்னரே நோயுற்றவர்களின் மரணம் பின்னர் வந்து சேர்ந்தது என்பதே பொருள். மடையை அடைத்த பின்னும் வாய்க்காலில் நின்ற நீர் கடைமடைக்குச் சிறிது நேரம் ஓடிக் கொண்டுதான் இருக்கும்.

இதனால் ஊராட்சிக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கிறது. புதிய நோயாளிகள் குறையத் தொடங்கியதும் உதவிப் பணிகளை நிறுத்திவிடக் கூடாது. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் துயரம் மிகும் நாட்கள் அதன் பின்னரே வருகின்றன.

மற்றோர் ஏமாற்றமும் உண்டு. 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெரம்பலூரில் மொத்தம் பதிவானவர்கள் 14,000 பேருக்கு மேல். இறந்தோர் 250-ஐ நெருங்கினர். நீலகிரியில் பதிவானவர்கள் 40,000 பேருக்கு மேல். இறந்தோர் சுமார் 230. பதிவான நோயாளிகளில் நூற்றுக்கு எத்தனை பேர் இறந்தனர் என்று பார்த்தால், பெரம்பலூரில் நோய் மூன்று மடங்கு கொடியது போலத் தோன்றும். உண்மையில் வகுக்கும் எண் சிறியதாக இருந்ததனால்தான் விடை பெரிதாயிற்று. சிறு நோய்கள் பதிவேட்டில் ஏறாமல், கடுமையாக நோயுற்றவர்களே ஏறுமிடத்தில், இறப்பு விகிதம் உயர்ந்தே காணும்.

அதே சமயம் வேறொரு செய்தி இக்கணக்கில் அடங்கியுள்ளது. 2020 முடிவில் சுமார் 20 ஆக இருந்த பெரம்பலூர் மாவட்ட மரணங்கள், அதன் பின் ஏறத்தாழ ஓராண்டில் பன்னிரண்டு மடங்காயின. வயது வந்தோரில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே நோய் வந்து போயிருந்தும் இரண்டாம் அலை இம்மாவட்டத்தை விட்டுவிடவில்லை. "வந்தது போய்விட்டது; இனி வராது" என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது கடுமையான பாடம்.

மறைக்க முடியாத கணக்கு எது?

நோய் எண்ணிக்கை சோதனையைப் பொறுத்தது என்றால், நம்பத் தகுந்த கணக்கு எது? மரணக் கணக்கே. காய்ச்சலைக் கவனியாமல் விட்டுவிடலாம். மரணத்தை அவ்வாறு விட முடியாது. ஆனால் மரணம் நிகழ்ந்தது என்பது வேறு, அது எந்த நோயினால் நிகழ்ந்தது என்பது வேறு. முதலாவதில் பிழை குறைவு. இரண்டாவதில் பிழை மிகுதி.

பெருநகரமும் இப்பிழைக்குத் தப்பவில்லை. 2020-ஆம் ஆண்டு நடுவில் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் மாநில அறிக்கைக்கும் இடையே வேற்றுமை இருப்பது தெரிய வந்தது. அதனை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. விடுபட்டுப் போன 444 மரணங்கள் அந்த ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்ததனால் உண்மை வெளிவந்தது. பிழையை ஒப்புக் கொண்டு திருத்துவது நிர்வாகத்துக்குச் சிறுமையன்று, பெருமையே.

குஜராத் மாநிலத்தின் கணக்கையும் காண்க. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட விவரப்படி, அம்மாநிலத்தில் கோவிட்டினால் இறந்ததாக அறிவிக்கப்பட்டோர் சுமார் 10,000 பேர். ஆனால் நிவாரணம் கேட்டு வந்த மனுக்கள் 89,000-க்கு மேல். அவற்றுள் 68,000-க்கு மேற்பட்டவை ஏற்கப்பட்டிருந்தன.

இக்குழப்பத்தைத் தீர்க்க ஓர் எளிய வழி உண்டு. இறப்பின் காரணத்தைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, எல்லா மரணங்களையும் எண்ண வேண்டும். வழக்கமான ஆண்டில் எத்தனை பேர் இறப்பர், நோய் வந்த ஆண்டில் எத்தனை பேர் இறந்தனர் என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மிகை மரணம். இந்தியா முழுவதிலும் பதிவான எல்லா மரணங்களும் 2019-இல் 76.4 லட்சம்; 2020-இல் 81.2 லட்சம்; 2021-இல் 102.2 லட்சம். மரணங்களைப் பதிவு செய்யும் வழக்கம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து வருவதும் இந்த உயர்வுக்கு ஓரளவு காரணமே. ஆயினும் ஒரே ஆண்டில் 21 லட்சம் ஏறியதை அது மட்டுமே விளக்கிவிடாது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் மிகை மரணம் சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் மதிப்பிட்டது. அந்தக் கணக்கிட்ட முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. பதிவேடுகள் எல்லா ஊர்களிலும் முழுமையாக இருந்திருக்குமானால், இந்த வாதத்துக்கே இடமிருந்திராது.

நூறாண்டுகளுக்கு முன்

இம்முறை புதியதன்று. 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் தோன்றிய இன்புளூயன்சா ஜுரம், செப்டம்பர் முதல் நவம்பர் வரை இரண்டாம் முறை கொடுமையாகப் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-இல் 25.21 கோடியாக இருந்த ஜனத்தொகை 1921-இல் 25.13 கோடியாகக் குறைந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட ஜனக் கணக்கு வரலாற்றில் ஜனத்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றே.

அப்பொழுது இந்நோயைக் கண்டறியும் சோதனை இல்லை. அந்நோயை உண்டாக்கும் கிருமியே யாருக்கும் தெரியாது. சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராம அதிகாரிகள் பிறப்பு இறப்புகளை எழுதி வந்தனர். காரணம் எழுதும் இடத்தில் பெரும்பாலும் "ஜுரம்" என்ற ஒரே சொல்லே இருந்தது. ஆயினும் முந்திய ஆண்டுகளின் சராசரியைக் கழித்து, மிகுந்ததை எடுத்துக் கொண்டு சுகாதார அதிகாரிகள் மாகாணங்களை ஒப்பிட்டனர். பம்பாய், மத்திய மாகாணம், ஐக்கிய மாகாணம், பஞ்சாப் ஆகியவை பெரும் நாசமடைந்தன என்பதும், சென்னையும் வங்காளமும் ஒப்பு நோக்கில் குறைவாகவே இழந்தன என்பதும் அவ்வாறுதான் தெரிய வந்தன. அந்த ஆண்டு மழை பொய்த்துப் பஞ்சம் வந்ததும், பட்டினியால் உடல் மெலிந்ததும் சில மாகாணங்களின் துயரை வளர்த்தன என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ஒரு கிராமத்து அதிகாரி தம் ஊர்ச் சாவுகளை நாள் தவறாமல் எழுதி வைத்ததனால், நூறாண்டு கழிந்தும் நாம் உண்மையை அறிய முடிகிறது.

இரண்டு மாவட்டங்களை ஒப்பிடும்பொழுது எல்லையையும் கவனிக்க வேண்டும். 1918-இல் பெரம்பலூர் என்றொரு மாவட்டம் இல்லை. இப்பகுதி திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் அடங்கியிருந்தது. 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2007-இல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைத்தது. பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒப்பிடுவோர் ஒரே நிலப்பரப்பைத்தான் ஒப்பிடுகிறோமா என்று முதலில் உறுதி செய்து கொள்க.

மரணம் எங்கே எழுதப்படுகிறது?

லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த ஒரு பெரியவர் நோயுற்றுத் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு அங்கே இறந்தார் என்று வைத்துக் கொள்வோம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மரணம் நிகழ்ந்த இடத்திலேயே அது பதிவு செய்யப்படும். ஆகவே அவர் பெயர் திருச்சிப் பதிவேட்டில் இருக்கும். திட்டக்குடியில் இறந்தால் கடலூர் மாவட்டத்தில் இருக்கும். அவருடைய மகன் வளைகுடா நாட்டில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தால், எந்த மாவட்ட அறிக்கையிலும் அம்மரணம் வாராது. மூவரையும் இழந்தது ஒரே வீடு. ஆனால் ஊர்ப் பதிவேட்டில் ஒரு பெயர்கூட இராது. இப்படி நல்ல ஆஸ்பத்திரி உள்ள நகரத்தில் மரணம் மிகுந்தும், நோயாளிகளை அனுப்பி வைத்த கிராமத்தில் குறைந்தும் தோன்றும். படிவத்தில் இறந்தவரின் வழக்கமான வசிப்பிடம் எழுதும் இடமும் இருக்கிறது. அதனைச் சரியாக நிரப்பச் செய்வது உறவினரின் கடமை.

இது வெறும் காகித விஷயமன்று. கோவிட்டினால் இறந்தோர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் அளிக்கும் ஏற்பாட்டை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நோய் உறுதியான 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணம், ஆஸ்பத்திரிக்கு வெளியே நேர்ந்திருந்தாலும், கோவிட் மரணமாகவே கொள்ளப்பட்டது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாயும், ஒருவரை இழந்து வறுமையுற்ற குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாயும் அளிப்பதாகத் தமிழக அரசு 2021 மே மாதத்தில் அறிவித்தது. இவற்றைப் பெறுவதற்கு முதல் ஆதாரம் இறப்புச் சான்றிதழே. சோதனை செய்து கொள்ளாமல் வீட்டிலேயே இறந்தவருடைய மனைவி மக்கள், காரணத்தை நிலைநாட்டுவதற்கு எவ்வளவு அலைய நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதப்படாத மரணத்தினால் இரண்டு நஷ்டங்கள் நேர்கின்றன. அந்தக் குடும்பம் உதவியை இழக்கிறது. அந்த ஊர் "இங்கு நோய் இல்லை" என்ற பொய்யான பெயரைப் பெற்று, வர வேண்டிய மருத்துவ வசதியை இழக்கிறது.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

1. ஊரில் நிகழும் ஒவ்வொரு மரணத்தையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யும்படி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டு நிலை அதிகாரியின் ஆணை பெற வேண்டியிருக்கும்.

2. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இறந்த தம் ஊராரின் பட்டியலைத் தனியே ஒரு நோட்டில் எழுதி வரலாம். பெயர், வயது, இறந்த இடம், நாள், நோய்க் குறி ஆகியவை போதும். இது சட்டப் பதிவேடு ஆகாது. ஊரின் நினைவுக்கும் ஒப்பு நோக்குக்கும் உதவும்.

3. மயானத்தைப் பராமரிப்பவர்களிடமும், பள்ளிவாசல் ஜமாஅத்து, கோயில், தேவாலயம் ஆகியவற்றின் பொறுப்பாளரிடமும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கேட்டுப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கலாம். விடுபட்டவை அப்போது வெளிப்படும்.

4. மாதவாரியாக மரண எண்ணிக்கையைச் சுவரில் தொங்கும் ஒரு தாளில் குறித்து வரலாம். ஒரு மாதத்தில் வழக்கத்துக்கு மாறாக ஏறினால், சோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கலாம்.

5. நோயுற்றவரையோ அவருடைய வீட்டையோ இகழ்ந்து பேச இடம் தரக் கூடாது. இகழ்ச்சிக்கு அஞ்சும் ஊரில் யாரும் சோதனைக்கு முன்வரார். கணக்கு குறையும், நோய் வளரும்.

ஒரு கணக்கு

ஒரு பஞ்சாயத்தின் ஜனத்தொகை 5,000 என்று கற்பனை செய்து கொள்வோம். தமிழ்நாட்டில் சாதாரண ஆண்டில் 1,000 பேருக்கு ஆறு அல்லது ஏழு பேர் இறக்கின்றனர். ஆகவே அவ்வூரில் ஆண்டுக்கு 30 முதல் 35 மரணங்கள் எதிர்பார்க்கத் தக்கவை. பதிவேட்டில் 2017-இல் 33, 2018-இல் 36, 2019-இல் 33 மரணங்கள் உள்ளன, சராசரி 34. 2021-இல் 52 மரணங்கள் உள்ளன. மிகை மரணம் 18. ஆனால் அந்த ஊரில் கோவிட் மரணம் என்று அறிவிக்கப்பட்டவை மூன்றே. எஞ்சிய 15 மரணங்கள் எவ்வாறு நேர்ந்தன? சோதிக்கப்படாத கோவிட்டினாலா? ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் வேறு நோயினாலா? பஸ் ஓடாத நாட்களில் வைத்தியத்துக்குப் போக இயலாமையாலா? இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குக்கூட முதலில் 52 என்ற எண் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: சிறிய ஊரில் இரண்டு மூன்று மரணங்களே விகிதத்தைப் பெரிதும் மாற்றிவிடும். ஆகவே ஓர் ஆண்டை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறாமல், அண்டை ஊர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதியோர் மிகுந்த ஊரில் மரணம் மிகுவது இயல்பு. இந்நோயும் முதியோரையே அதிகம் பலி கொண்டது. இளைஞர் வெளிநாடு சென்றுவிட, முதியோரே தங்கியிருக்கும் ஊரை மற்ற ஊரோடு ஒப்பிடும்பொழுது வயதையும் கருத வேண்டும்.

அங்கத்தினர்கள் கூடி ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

உங்கள் பஞ்சாயத்தில் 2018 முதல் 2022 வரை ஆண்டுதோறும் பதிவான மரணங்கள் எத்தனை? 2021 மே, ஜூன் மாதங்களில் எத்தனை? அந்த இரு மாதங்களில் இறந்தவர்களுள் வெளியூரில் பதிவானவர் எவர்? சான்றிதழ் இன்னும் பெறாத குடும்பம் உண்டா? உங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் உள்ள வேற்றுமைக்கு ஜனத்தொகை, வயது, சோதனை, வைத்திய வசதி ஆகிய நான்கில் எது காரணம்?

பெரம்பலூரின் குறைந்த கணக்கைக் கண்டு 2020-இல் நாம் ஆறுதல் அடைந்தோம். ஆனால் அந்தக் காலத்திலேயே வயது வந்தோரில் பாதிப் பேரை நோய் தொட்டுச் சென்றிருந்தது. அத்தனை பரவலுக்கு இறந்தோர் இருபது பேர்தானா, அல்லது எழுதப்படாமல் போனவர் உண்டா என்ற கேள்விக்குச் சென்னையிலும் டில்லியிலும் உள்ள மேஜைகளில் விடை இல்லை. அது ஒவ்வொரு கிராமத்தின் இறப்புப் பதிவேட்டில் இருக்கிறது. அந்த ஏட்டை முழுமையாக வைத்திருக்கும் ஊரே, அடுத்த நோய் வரும்பொழுது முன்கூட்டி விழித்துக் கொள்ளும் ஊராகும்.